வித்தியாசம்: பூஜ்யம்

அக்காவுக்கு நாங்கள் வைத்த பட்டப்பேர் நூற்றறுபது. பட்டப்பேர்களில் முக்கால்வாசி வயிற்றெரிச்சலில் வைப்பவை, இது அப்படியில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டைப் அடிக்கும்போது வாய்க்குள் எண்களை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். நூத்தறுபது, நூத்திமுப்பது, நூத்தறுபத்தொண்ணு. பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஏலம் நடக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டதுபோல இருக்கும். ஒரே மாதத்தில் முணுமுணுப்பு நின்றுபோனது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நேரில் கூப்பிடும்போது எல்லாருக்கும் அவள் அக்காதான்.

நாங்கள் பார்க்கும் வேலையை வீட்டில் சொன்னால் யாருக்கும் விளங்காது. கடல் தாண்டி எங்கோ இருக்கும் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். எல்லாம் ஸ்பானிஷ். யாரோ எந்தக் காலத்திலோ டைப்ரைட்டரில் அடித்துவைத்த பக்கங்கள். படத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து கம்ப்யூட்டரில் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் தன் பாட்டன் பேரைப் போட்டுத் தேடினால் பாட்டன் அகப்பட வேண்டும், அவ்வளவுதான். எங்களில் ஒருத்தருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. தினமும் பஸ்ஸில் பார்க்கிற முகங்களைப் போலத்தான் அந்த வார்த்தைகள். முகம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது.

இங்கிலீஷ் எழுத்துகளை வைத்தே அந்த மொழியை எழுதிவிடலாம், கொஞ்சம் உபத்திரவத்தைத் தவிர. சில இடங்களில் ஐந்து உயிரெழுத்துகளின் தலையிலும் சாய்வாக ஒரு கோடு வரும்: á, é, í, ó, ú. n-க்குத் தலையில் நெளிவாக ஒன்று வந்து ñ ஆகும். எங்கள் கீபோர்டில் இவை எதுவும் கிடையாது. வரவழைக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆல்ட் பொத்தானை இடது கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்தில் தனியாக இருக்கும் எண்கட்டத்தில் மூன்று இலக்கம் தட்டுவது. நூற்றறுபது என்றால் á. அறுபத்தொன்று í, அறுபத்திரண்டு ó, அறுபத்துமூன்று ú, அறுபத்துநான்கு ñ. யார் அடுக்கினார்களோ, é மட்டும் கூட்டத்தோடு சேராமல் நூற்று முப்பதில் போய் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு வழி, கம்ப்யூட்டரின் அமைப்பையே ஸ்பானிஷுக்கு மாற்றிவிடுவது. அப்புறம் பொத்தானில் எழுதியிருப்பது ஒன்று, திரையில் விழுவது ஒன்று என்று ஆகிவிடும். ஆனால் பழகியவர்களுக்கு அது சுகம். அரைப்புள்ளிப் பொத்தானைத் தட்டினால் நேரே ñ. அதற்கு அடுத்த பொத்தானைத் தட்டிவிட்டு a-வைத் தட்டினால் á. எண்ணே வேண்டாம்.

அக்கா எண்காரி. இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் எண்களைத் தட்டியவள். எண்கட்டத்தைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆயிற்று என்பாள். ஆபீசில் எண்கட்டம் இல்லாத சின்ன கீபோர்டுகள் வந்தபோது, வீட்டிலிருந்து தன் பழைய கீபோர்டைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேனேஜர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஜோடி டீச்சர். ஒரு வருஷம் மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவள் என்பதால் அந்தப் பேர். வயதில் அக்காவைவிட எட்டு வருஷம் சின்னவள், கலகலப்பான ஆள், கை வேகம். அவள் இரண்டாவது வழி. எண்கட்டத்தின் பக்கமே போகமாட்டாள்.

ஜோடி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். ஒருவர் அடிப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது. அதற்காகவே ஜோடிகளை முதுகுக்கு முதுகு உட்கார வைத்திருந்தார்கள். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, வேறுபடும் எழுத்தைச் சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பு என் திரைக்கு வரும். நான் மூலப் படத்தைத் திறந்து, எது சரியென்று பார்த்து, தப்பை உரியவர் பேரில் போடுவேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு மொத்தமும் நிற்கிறது. மற்றவருடையதைப் பார்த்து அடித்தவர் வேலையை விட்டுப் போக வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் தடித்த எழுத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

அக்காவும் டீச்சரும் ஏழு வருஷ ஜோடி. நகமும் சதையும் என்பார்களே, அப்படி. மத்தியானம் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். டீச்சரின் மகளுக்கு முதல் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அக்கா. அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார், பிள்ளை குட்டி இல்லை. அவளுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது டீச்சர் ஒருத்திதான்.

ஜோடி சேர்ந்த ஐந்தாவது வருஷம் டீச்சரின் கணவர், எலக்ட்ரீஷியன், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அப்போது டீச்சர் அரைநாள் ஆஸ்பத்திரி, அரைநாள் ஆபீஸ் என்று அல்லாடினாள். லீவு தீர்ந்துபோயிருந்தது. பக்கங்கள் குவிந்துகொண்டிருந்தன. இதெல்லாம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாதது, அந்த நாட்களில் அக்கா தன் ஃபைல்களைத் திறக்கும் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவள் கையில் வைத்தது. மூன்று நாளைக்கு மட்டும்.

அதற்கப்புறம் அந்த ஜோடியின் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. மற்ற ஜோடிகளுக்கு ஒரு பேட்சில் முப்பது, நாற்பது வித்தியாசம் வந்தால் இவர்களுக்கு இரண்டு, மூன்று. அந்த இரண்டு மூன்றும் டீச்சர் பேரில்தான் இருக்கும், எங்கேயோ ஒரு தலைக்கோடு விட்டிருப்பாள். பல நாள் அறிக்கையின் கடைசி வரியே ‘வித்தியாசம்: பூஜ்யம்’ என்று வரும். அக்கா பேரில் ஒரு தப்புகூட இல்லை. ஒரு மாதம் இல்லை, ஆறு மாதம் இல்லை, ஒரு வருஷம் இல்லை. மேனேஜர் ஒரு தாளில் அவள் பேரை அச்சடித்து, பக்கத்தில் நட்சத்திரம் போட்டு, தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டினார்.

இது அக்காவுக்கு என்னவாக இருந்தது என்பது அவளோடு ஒரு தடவை டீ குடித்தவர்களுக்கும் தெரியும். சின்ன வயதில் அவள் வீட்டில் கண்ணாடி டம்ளரை அவள் கையில் கொடுக்கமாட்டார்களாம். எதைத் தொட்டாலும் போட்டு உடைப்பவள், எதைச் சொன்னாலும் மறந்துவிடுபவள், கணக்கில் இரண்டு தடவை தோற்றவள். கல்யாணத்துக்கு அப்புறமும் அவளுடைய கூடப்பிறந்த அக்கா போன் செய்தால் "இன்னைக்கு என்னத்த உடைச்ச?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாளாம். அந்த அக்காவுக்கு நட்சத்திரத் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். "ரெண்டு நாளா பதில் இல்ல தம்பி. மூணாவது நாள் ஒரு கட்டைவிரல் போட்டா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நாற்பத்துமூன்று வயதில் முதல் தடவையாக, கை சுத்தமானவள் என்று பேர் எடுத்திருந்தாள். அந்தப் பேரை இழப்பதற்குப் பதில் கையையே இழக்கலாம் என்று நினைக்கிற ஆள்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன்.

டீச்சரின் கணவர் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தபோது, ஒரு சாயங்காலம் அந்த ஜோடியின் பேட்சில் ஒரே ஒரு சிவப்பு வந்தது. வழக்கம்போல டீச்சர் விட்ட தலைக்கோடு. அதைச் சரி செய்யும்போது கண் அடுத்த வார்த்தைக்குப் போனது. வார்த்தைக்கு நடுவில் எழுத்துக்குப் பதிலாக 161 என்று எண்ணே விழுந்திருந்தது. ஆல்ட் பொத்தானிலிருந்து கட்டைவிரல் நழுவினால் அப்படித்தான் ஆகும். அக்காவுக்கு எப்போதாவது நடக்கும். பக்கத்து நெடுவரிசையில் டீச்சரின் பிரதியைப் பார்த்தேன். அதிலும் 161. எண்கட்டத்தைத் தொடவே தொடாதவளின் பிரதியில்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க நான் பலதடவை முயன்று பார்த்தேன், என்னிடமே எடுபடவில்லை. இரண்டு பிரதியிலும் எண்ணை அழித்தேன், í போட்டேன், மூடினேன். சொன்னால் விசாரணை, பழைய பேட்சுகள் எல்லாம் திரும்ப என் தலையில். சொல்லாவிட்டால் மற்ற ஒப்பீட்டாளர்கள் ஏழு மணிவரை சிவப்போடு மாரடிக்கும்போது நான் ஐந்து மணிக்குக் கிளம்பலாம். கிளம்பினேன்.

யார் பேரிலும் தப்புப் போடவில்லை, ஆனால் சிவப்பில்லாத இடத்தில் நான் கைவைத்தது டீச்சரின் ஃபைலில் பதிவாகியிருக்கும். மறுநாள் காலை அவளாகவே எனக்கு ஒரு டீ எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. நான் அந்த டீயைக் குடித்தேன்.

ஒரு வருஷம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த மொழி தெரிந்த ஒருவர் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் ஜோடியின் இருநூறு பக்கங்களைப் படித்திருக்கிறார். இரண்டு பிரதியிலும் நாற்பத்தோரு இடத்தில் தப்பு. இரண்டிலும் அதே இடம், அதே தப்பு. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், இது ஒருவரைப் பார்த்து ஒருவர் அடித்தது என்று கீழே எழுதியிருந்தார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு மேனேஜர் அக்காவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். ஒப்பீட்டாளன் என்பதால் என்னையும். டீச்சர் ஒன்பது மணிக்கே உள்ளே போய்விட்டு வந்திருந்தாள். அவள் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்து அக்கா, "அழாதடி, நான் பேசிக்கறேன்" என்று அவள் தோளைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை. "டீச்சர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்கதான் அவங்க ஃபைலப் பாத்து அடிச்சிருக்கீங்க."

அக்காவுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "யாரு?"

"நீங்க. உங்களுக்குக் கண்ணு சரியில்லையாமே. சின்ன எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுதாம். பாவம்னு அவங்களே ஃபைலத் தந்தாங்களாம். தப்புதான், மன்னிச்சிடுங்கன்னு சொல்றாங்க." அவர் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். "டைம் பாருங்க. தினமும் அவங்க ஃபைல் ரெண்டரைக்கு வந்துடுது. உங்களோடது நாலு மணிக்குத்தான் வருது. பாத்து அடிக்கறவங்கதானே பின்னாடி வருவாங்க?"

அடித்து முடித்ததும் அக்கா அனுப்பமாட்டாள். இரண்டு மணி நேரம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இன்னொரு தடவை படத்தோடு வைத்துப் படிப்பாள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் டீச்சர் அவள் ஃபைலைத் திறந்து, எடுத்து, இரண்டு தலைக்கோட்டை அழித்து, முந்திக்கொண்டு அனுப்பியிருக்கிறாள். அக்காவின் கவனமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு அந்தத் தாளில் வரிசையாக நின்றது.

அக்கா தாளைப் பார்க்கவில்லை. "கண்ணப் பத்தி அவகிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள், மேனேஜரிடம் இல்லை, யாரிடமும் இல்லை. "எங்க வீட்டுக்காரருக்குக்கூட தெரியாது. கண்ணாஸ்பத்திரிக்கு அவதான் கூட வந்தா. கண்ணாடி போட்டதும் சரியாப் போச்சு. அதுவும் அவளுக்குத் தெரியும்."

அடிமடியில் கைவைப்பது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது நடக்கும்போது ஒரு முகம் எப்படி ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கோபம் வரவில்லை அவளுக்கு. கூட்டத்தில் கைப்பிடித்து வந்தவர்கள் சட்டென்று கையை விட்டுவிட்டால் திரும்பித் தேடுவோமே, அந்த முகம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ சொல்லு. ஏழு வருஷமா என் ஃபைலப் பாக்கற. என் கை உனக்குத் தெரியாதா?"

மேனேஜரும் பார்த்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் எப்போதிலிருந்து தெரியும் என்ற கேள்வி வரும். "நான் வித்தியாசம் வர்ற இடத்த மட்டும்தான் பாக்கறேன் சார்" என்றேன். "ஒண்ணா இருக்கற இடத்தப் பாக்கறதில்ல." ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதைவிடக் கேடுகெட்ட பொய்யை நான் சொன்னதில்லை.

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். புரிந்துகொண்டதுபோலத் தலையசைத்தாள், பாவம், பயப்படுகிறான் என்று நினைத்திருப்பாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அந்த நாப்பத்தோரு தப்பக் குடுங்க சார்" என்றாள்.

பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போனாள். பாதியில் நின்று, மேனேஜரின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் கீபோர்டில் எண்கட்டம் இருந்தது.

"இங்க பாருங்க. இந்த இடத்துல í வரணும். ñ விழுந்திருக்கு. இங்கயும் அதேதான். இந்தா, இங்க á வரணும், í விழுந்திருக்கு. í-க்கு நூத்தறுபத்தொண்ணு, ñ-க்கு நூத்தறுபத்துநாலு. ஒண்ணுக்கு நேர் மேல என்ன இருக்கு?"

"நாலு" என்றார் மேனேஜர்.

"ஒண்ணுக்கு நேர் கீழ?"

"சைபர்."

"விரல் ஒரு கட்டம் தப்பினா இப்படித்தான் விழும். இப்ப டீச்சரோட கீபோர்ட நெனச்சுப் பாருங்க. அவ í அடிக்க மொதல்ல கோட்டுக்கு ஒரு பொத்தான், அப்புறம் i. அவ தப்பு பண்ணா கோடு விட்டுப்போகும். í-க்குப் பதிலா ñ அவ கையால விழவே விழாது சார். நெனச்சாலும் விழாது. இது எண்ணு தட்டறவங்க பண்ற தப்பு. இந்த ஆபீஸ்ல எண்ணு தட்டறது நான் ஒருத்திதான்." பட்டியலை அவர் முன்னால் தள்ளினாள். "நாப்பத்தொண்ணும் என் தப்புதான்."

தன் பேரில் தப்பு வேண்டாம் என்று சண்டை போடுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அத்தனையும் என்னுடையது என்று மல்லுக்கட்டி வாங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப ரெண்டு வருஷமா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மேனேஜர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். அவள் எடுக்கவில்லை. டம்ளர் கண்ணாடி.

டீச்சரைக் கூப்பிட்டார்கள். கீபோர்டு விஷயத்தை மேனேஜர் சொன்னதும் அவள் மறுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொல்லிவிட்டாள்.

"நான்தான் குடுத்தேன் சார். இவ வீட்டுக்காரர் விழுந்தப்ப, மூணு நாளைக்கு."

"அப்புறம் ஏன் மாத்தல?"

"மாத்தினா இவ மேல சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமேன்னு மாத்தல."

டீச்சர் அப்போதுதான் திரும்பினாள். "மாத்தியிருந்தா நான் எப்படிக்கா எடுத்திருப்பேன்? மொதல்ல மூணு நாள்தான் எடுத்தேன். அப்புறம் பழகிடுச்சு. நீங்களும் மாத்தல." கூட இருந்தே குழி பறித்தவள், குழி அங்கே இருந்ததற்கும் அக்காதான் காரணம் என்பதுபோலப் பேசினாள். அந்தக் குரலில் நிஜமாகவே ஒரு குறை இருந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

"கண்ணப் பத்தி ஏன் சொன்ன?" என்று மட்டும் அக்கா கேட்டாள். டீச்சர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

மத்தியானத்துக்குள் டீச்சர் தன் பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் அக்கா நின்றிருந்தாள். டீச்சர் அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். சொல்லும்போது கண் என் மேஜைப் பக்கம் வந்து போனது. என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா. அக்கா வந்து கேட்பாள் என்று சாயங்காலம்வரை ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. ஒரு வாரம் ஆகியும் கேட்கவில்லை. சரி, சொல்லியிருக்கமாட்டாள் போலிருக்கிறது என்று நானும் மூச்சு விட்டேன்.

பாஸ்வேர்டு கொடுத்ததற்காக அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். நட்சத்திரத் தாளை மேனேஜர் கழற்றுவதற்கு முன் அவளே கழற்றிவிட்டாள். இரண்டு வருஷத்துப் பக்கங்கள் அத்தனையையும் இன்னொரு கை திரும்ப அடித்தாக வேண்டும் என்றார் மேனேஜர். புதிய ஆள் எடுப்பதாக இருந்தார். அக்கா விடவில்லை. "என் தப்ப இன்னொருத்தர் ஏன் தேடணும்? நானே அடிக்கறேன். என்னோட பழசையும் புதுசையும் வெச்சு ஒப்பிடுங்க."

அப்படித்தான் அக்கா தனக்குத் தானே ஜோடியானாள். முதல் நாள் அவள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாயங்காலம் எத்தன தப்புன்னு சொல்லு. கூட்டாத, குறைக்காத. ரெண்டு வருஷமா பூஜ்யம் பூஜ்யம்னு சொல்லி என்ன முட்டாளாக்கிட்டாங்க. அந்த ரெண்டு வருஷம் நான் நெஜமா எப்படி வேலை பாத்தேன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். கெட்டதா இருந்தாலும் பரவால்ல. என்னோடதா இருக்கணும்."

"சரிக்கா" என்றேன்.

முதல் நாள் இருபத்தாறு. சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாள் பத்தொன்பது. அப்புறம் முப்பத்துமூன்று. மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால் மோசமே இல்லை, நல்ல கைதான். ஆனால் பூஜ்யத்திலிருந்து இறங்கி வருகிறவளுக்கு ஒவ்வொரு எண்ணும் ஒரு படி. தினமும் ஐந்து மணிக்கு வந்து நிற்பாள். "எத்தன?" அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் போனில் யாரிடமோ "அந்த நட்சத்திரம் இப்ப இல்லக்கா, எடுத்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் சிரிப்பு எனக்கே கேட்டது.

நான்காவது மாதம் ஒரு பேட்சில் அறுபத்துமூன்று சிவப்பு வந்தது. புதுப் பிரதியில் இரண்டே இரண்டு. மீதி அறுபத்தொன்றும் பழையதில். வரிக்கு வரி ñ-யும் í-யும் இடம் மாறிக் கிடந்தன. தேதியைப் பார்த்தேன். அக்கா ஆபீசில் கண்ணாடி போட ஆரம்பித்ததற்கு முந்தின வாரம்.

ஐந்து மணிக்கு வந்து நின்றாள். அன்றைக்கு வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்திருந்தார்போல, தலைவாரி நல்ல சேலை கட்டியிருந்தாள். "எத்தன?"

"இருபத்தொண்ணுக்கா" என்றேன். பாவம் பார்த்துச் சொன்னேன் என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். பாவம் கொஞ்சம் இருந்திருக்கலாம். அறுபத்துமூன்று என்று சொல்லிவிட்டு அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சலில்லை, அதுதான் விஷயம்.

அவள் நகரவில்லை. "எந்தத் தேதி பேட்சு இது?"

சொன்னேன்.

"அந்த வாரம் எனக்கு எழுத்தெல்லாம் ரெண்டா தெரிஞ்ச வாரமாச்சே. அதுல இருபத்தொண்ணுதானா?"

தலையை ஆட்டினேன். அக்கா மேஜையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். நான் மூடுவதற்குள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். கீழே, சின்ன எழுத்தில், மொத்தம் இருந்தது. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தாள். குரல் உயரவில்லை.

"போகும்போது டீச்சர் என்கிட்ட ஒண்ணு சொன்னா. இந்த விஷயம் ஒரு வருஷமாவே உனக்குத் தெரியும்னு. அவ போற கோபத்துல உன்னையும் இழுத்துவிட்டுட்டுப் போறான்னு நெனச்சேன். அந்தத் தம்பி அப்படிப்பட்டவன் இல்லடீன்னு சொன்னேன் அவகிட்ட." நிறுத்தினாள். "நான் அத நம்பவே இல்ல. இந்த நிமிஷம் வரைக்கும்."

"அக்கா..." என்றேன்.

"அவ திருடினா. திருடினான்னு தெரிஞ்சுது, போயிட்டா. நீ இங்கயே உக்காந்துட்டு தினமும் என் முகத்தப் பாத்துப் பேசிட்டிருந்திருக்க."

திரையைப் பழையபடி என் பக்கமே திருப்பி வைத்துவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். என்னைப் பற்றி ஒரு புகாரும் சொல்லவில்லை. வேறு ஒப்பீட்டாளர் வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். காரணம் கேட்டதற்கு, எண்ணைச் சத்தமாகச் சொல்கிற ஆளாக இருந்தால் போதும் என்றாளாம். மறுநாளிலிருந்து அவள் பக்கங்கள் என் திரைக்கு வருவதில்லை. நான் இப்போது மற்றவர்களைப் போல ஏழு மணிவரை இருக்கிறேன்.

அக்கா இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். அந்த இரண்டு வருஷத்துப் பக்கங்களில் பதினாறு மாதத்துப் பக்கங்களைத் திரும்ப அடித்து முடித்துவிட்டாளாம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுகிறாள். நேற்று என் கையிலிருந்து ஒரு தாள் நழுவி அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, இரண்டு கையாலும் நீட்டினாள். "இந்தாங்க சார்" என்றாள்.